லோக்கல் கார்டியன்

பூனாவில் ஔந்தைத் தாண்டி உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழரசிக்கு என்ன வேலை என்று கேட்டால், பெண்கள் விடுதி அலுவலகத்தில் கிளார்க் என்று சம்பளச் சீட்டு சொல்லும். ஆனால் ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் அவளை வேறு பெயரில் அறிந்த வீடுகள் இருந்தன. அந்த வீடுகளில் அவள் 'பூனா அக்கா'.

அது தானாக வந்து ஒட்டிய பெயர். விடுதியில் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊருக்குள் ஒரு லோக்கல் கார்டியன் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அறை கிடைக்கும். அவர் வீட்டுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை பெண் வெளியே போகலாம். பல வருடங்களுக்கு முன் நாமக்கல்லிலிருந்து மகளைக் கூட்டி வந்த லாரிக்காரர் ஒருவருக்குப் பூனாவில் ஈ காக்கை தெரியாது. கவுன்டரில் திகைத்து நின்றவர், மேசை மேல் இருந்த பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அம்மணி, நீங்க நம்மூருங்களா?"

"இல்லீங்க. நான் பொறந்ததே இங்க கட்கியிலதான். எங்கப்பா ஆர்டினன்ஸ் பேக்டரி. அவரு ஊரு வாலாஜா பக்கம்."

"பேரு தமிழரசிங்களே. அது போதுமுங்க."

அன்று போட்டதுதான் கார்டியனாக அவளுடைய முதல் கையெழுத்து. அலுவலக ஆளே கார்டியனாக இருக்கலாமா என்று அப்போதைய விடுதித் தலைவி, ரெக்டர் தேஷ்பாண்டே மேடம் யோசித்தார். கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதால் விட்டுவிட்டார். மறு வருடம் லாரிக்காரரின் மைத்துனர் மகள் வந்தாள். அதற்கடுத்த வருடம் அவர்கள் தெருப் பெண்கள் இருவர். ஆசிரியர் நியமனத்துக்குக்கூட அந்தப் பல்கலைக்கழகத்தில் இவ்வளவு சீக்கிரம் ஆள் கிடைத்ததில்லை.

கார்டியன் என்றால் கையெழுத்து மட்டும்தான் என்று பல்கலைக்கழகம் நினைத்தது. பெற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் கார்டியன் வீட்டில் சாப்பாடு, சாப்பிடும் நேரத்துக்கு ஊரிலிருந்து அம்மாவின் போன் என்று அதுவே ஒரு வழக்கமாகிப்போனது. பெண்கள் ஔந்திலிருந்து பஸ் பிடித்து காசர்வாடி வந்து இறங்குவார்கள். பழைய மும்பை நெடுஞ்சாலைக்குப் பின்னால், பட்டறைகள் முடிந்து வீடுகள் தொடங்கும் சந்தில் தமிழரசியின் இரண்டு அறை வீடு. சமைப்பது அவள் கணவர் ஜெகதீசன். அந்தப் பட்டறைகளில் ஒன்றில் லேத் ஓட்டுகிறவர். அங்கெல்லாம் வியாழன்தான் வார விடுமுறை. ஞாயிறு காலையிலேயே குழம்பைக் கூட்டி வைத்துவிட்டுப் போவார். பெண்கள் வந்ததும், பட்டறையின் சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டு வந்து பரிமாறுவார்.

"வாம்மா கலெக்டரு, கைய களுவிக்கினு ஒக்காரு. நீ இன்னா படிக்கற, எகனாமிக்ஸா? அப்ப இந்த வெங்காயம் ஏன் ஏறிச்சின்னு சொல்லிட்டு சாப்டு."

"அது சப்ளை குறைஞ்சா ஏறும் அங்கிள்."

"சப்ளை கொறஞ்சதுன்னு மார்க்கெட்டு சிந்திக்காரனே சொல்றானே. அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வந்து படிக்கற?"

பெண்கள் சிரித்துப் புரையேறுவார்கள். தமிழரசி தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். வீட்டில் பேச்சு அவருடைய இலாகா. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஜெகதீசன் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் தமிழரசி வேலைக்குப் போனாள். பல்கலைக்கழகத்தின் மாதச் செய்தி மடலில், பேராசிரியர் ஒருவர் வாங்கிய காப்புரிமைக்கும் கூடைப்பந்து அணியின் வெற்றிக்கும் நடுவில், 'விடுதி அலுவலக ஊழியர் திருமதி தமிழரசியின் கணவர் காலமானார்' என்று இரண்டு வரி வந்தது. அதை யாரோ வெட்டி அவள் மேசையில் வைத்திருந்தார்கள். படித்தாள். யாரோ ஒரு தமிழரசியைப் பற்றியது போல இருந்தது.

அவள் அழவில்லை. சிஞ்ச்வட்டில் மனைவியோடு இருந்த மகன் கொஞ்ச நாள் வந்து தங்கினான். அம்மா தைரியமாக இருக்கிறாள் என்று நம்பித் திரும்பிப் போனான். அது தைரியமா என்பது தமிழரசிக்கே தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அணைக்க வேண்டும் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் வந்து சேரும். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கீழே குனிந்து பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்தார்கள். அவளே சமைத்துப் போட்டாள். சாப்பிட்டார்கள். போனார்கள்.

இந்த வருடம் ஜூனில் புதிய விதிகள் வந்தன. பெரிய அரங்கத்தில் கூட்டம் கூட்டி, மாணவர் நல டீன் திரையில் காட்டிக் காட்டிச் சொன்னார். மாணவர்கள் வயது வந்தவர்கள். இனி அவர்களை மையமாக வைத்தே எல்லாம் நடக்கும். வகுப்புக்கு வராதவரைத் தேர்வெழுத விடாமல் நிறுத்துவது இல்லை. விடுதிக்குத் திரும்ப நேரக் கட்டுப்பாடு இல்லை. லோக்கல் கார்டியன் இல்லை. மாணவர் சம்மதிக்காமல் அவரைப் பற்றிப் பெற்றோரிடம்கூட ஊழியர்கள் எதுவும் சொல்லக் கூடாது. மாணவர் போனில் அனுமதி கொடுத்தால்தான் பார்வையாளர் உள்ளே வரலாம்.

ஒவ்வொன்றுக்கும் பெண்கள் விசிலடித்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழரசிக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. இருபது வயதுப் பெண் பேனா வாங்கப் போவதற்குப் படிவம் நிரப்பியதை இத்தனை காலம் பார்த்தவள் அவள். சரிதான் என்று நினைத்தாள். சரி என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

அந்த மாத மடலில் ஊழியர் செய்திகள் ஒரு முழுப் பக்கம். தேஷ்பாண்டே மேடம் ஓய்வு பெற்றார், சால்வையும் தேங்காயும் ஏந்திய படத்தோடு. ரெக்டர் பதவிக்குப் பதிலாக 'ரெசிடென்ஷியல் லைஃப் மேனேஜர்' என்று ஓர் இளம்பெண் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். கீழே சிறிய எழுத்தில், கிளார்க் தமிழரசி இனிமேல் 'ஸ்டூடன்ட் எக்ஸ்பீரியன்ஸ் அசோசியேட்'. வேலை அதேதான். புதிதாக வந்தது மார்பில் குத்திக்கொள்ளும் ஒரு வட்ட பேட்ஜ். 'என்னைக் கேளுங்கள்' என்று மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது.

விடுதி கூட்டிப் பெருக்கும், எல்லோரும் மௌஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஷிண்டே மௌஷி அதைத் தொட்டுப் பார்த்தாள். அவர்கள் பேசுவது மராத்தியில்.

"கேட்டா என்ன சொல்லுவே?"

"ஒண்ணும் சொல்லக் கூடாது. ரூல்."

"அப்புறம் உன் மேல எதுக்கு? குடு, என் தொடப்பத்துல குத்திக்கறேன். அதுவும் யாரு கேட்டாலும் ஒண்ணும் சொல்லாது."

விதி போனதும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வருவது குறைந்தது. ஒருத்திக்கு நடன ஒத்திகை. ஒருத்தி சிங்ககட் கோட்டைக்கு மலையேறப் போனாள். கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்தவள் மூன்றாம் வருடம் படிக்கும் காவ்யா. முழு உதவித்தொகையில் வந்த ராசிபுரத்துப் பெண். ஜூலை தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, 'ஆன்ட்டி சாரி, அசைன்மென்ட்' என்று செய்தி அனுப்பினாள். அடுத்த ஞாயிறு 'சாரி' மட்டும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு அதுவும் இல்லை.

ஆனால் அவள் அம்மா மல்லிகாவின் போன் தவறவில்லை. புதிய விதிகள் எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சலில், ஆங்கிலத்தில் போயிருந்தன. மல்லிகா சேகோ ஆலைக் களத்தில் சவ்வரிசி காயப்போடுகிறவள். அவளுக்கு மின்னஞ்சல் ஏது?

"அக்கா, காவ்யா வந்துட்டாளுங்களா?" என்று வழக்கம் போலக் கேட்டாள்.

"வந்துட்டா. குளிச்சிக்கினு இருக்கா" என்றாள் தமிழரசி.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. வாய் இத்தனை வருடப் பழக்கத்தில் சொல்லிவிட்டது. மல்லிகா சரியென்று தன் பேச்சைத் தொடங்கினாள். களத்தில் போட்ட மாவு மழையில் நனைந்த கதை, கிழங்கு விலை, மூத்தார் மகன் பைக்கில் விழுந்தது. பேச்சு முடிவதற்குள் சோறு ஆறிப்போனது. அடுத்த வாரம் காவ்யா தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரம் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கிளம்பிப்போயிருந்தாள். பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளும் தமிழரசிக்கு உறுத்தவில்லை. உறுத்துகிற இடத்தில் எதுவும் இல்லை. போன் வரும். அவள் சொல்வாள். மல்லிகா பேசுவாள்.

ஒரு முறை மல்லிகா சொன்னாள்: "நீங்க இருக்கங்காட்டிதான் இவிங்கப்பா அனுப்புனாருங்க. இல்லீன்னா அத்தன தொலவுல பொட்டப்புள்ளைக்கு என்ன படிப்பு, அக்கா மவனுக்குக் கட்டிக் குடுத்தர்லாமுன்னு நின்னாரு. 'பூனா அக்கா வாராவாரம் கண்ணுல பாத்துக்குவாங்க'ன்னு சொல்லித்தானுங்க நாஞ் சம்மதிக்க வெச்சேன்."

"ம்" என்றாள் தமிழரசி.

புரட்டாசி பிறந்தது அவளுக்குத் தெரியாது. வீட்டில் தொங்கியது மராத்தி காலண்டர். அதில் நவராத்திரி இருந்தது, புரட்டாசி இல்லை. முன்பெல்லாம் ஜெகதீசன் நினைவு வைத்திருப்பார். "பெருமாள் மாசம்டி. கொங்குப் பொண்ணுங்க கறி தொடாது" என்று சொல்லி, அந்த ஞாயிறுகளில் சாம்பாரும் வடையும் போடுவார். இந்த வருடம் சொல்ல ஆளில்லை.

"இன்னிக்கு என்னங்க்கா கொளம்பு?" என்று மல்லிகா கேட்டாள்.

"கோழி."

"கோளிங்களா? காவ்யா சாப்ட்டாளுங்களா?"

"ரெண்டு தடவ வாங்கிக்கினா."

"புரட்டாசிங்களேக்கா" என்றாள் மல்லிகா.

தமிழரசி தன் தட்டைப் பார்த்தாள். தயிர் சாதம் இருந்தது. கோழி எங்கும் இல்லை. "மறந்துட்டேன்" என்றாள். மல்லிகா அன்று கிழங்கு விலை சொல்லாமல் போனை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் போன் வரவில்லை. கதவு தட்டும் சத்தம் வந்தது. திறந்தால், வாசலில் கையில் விலாசச் சீட்டும் ஒரு ஒயர்கூடையும் தோளில் பையுமாக ஒரு பெண். குரலால் மட்டுமே தெரிந்தவள்.

"நான் மல்லிகாங்க. சேலத்துல வண்டி ஏறி வந்தேன்." செருப்பைக் கழற்றாமல் அவள் உள்ளே பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு தம்ளர், மாலை போட்ட ஒரு படம். "காவ்யா எங்கீங்க?"

"வர்ல" என்றாள் தமிழரசி.

"எத்தன வாரமாங்க?"

"ஜூலைலேர்ந்து."

கேட்டதற்குப் பதில் அவ்வளவு சுலபமாக வந்ததில் இருவருமே கொஞ்சம் நின்றுவிட்டார்கள். மல்லிகா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை.

"நீங்க கோளின்னு சொன்னீங்க. சாயந்தரம் அவளுக்குப் போன் போட்டு, ஏன்டி புரட்டாசில கறி தின்னயான்னு கேட்டா, 'இல்லம்மா, ஆன்ட்டி வீட்ல சாம்பார் வடை சாப்ட்டேன்'ங்கறா. ஒரு ஊட்ல ஒரே மத்தியானத்துல எப்பிடிங்க ரெண்டு கொளம்பு?"

அப்போதுதான் தமிழரசிக்குத் தெரிந்தது, காவ்யாவும் அவள் பங்குக்கு இதே பொய்யைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று. இருவரும் பேசி வைத்துக்கொள்ளாமலேயே இத்தனை வாரம் ஒத்துப்போயிருக்கிறது.

"அவிங்கப்பா திரும்பி வர்றதுக்கு ரெண்டு டிக்கெட்டு எடுத்துக் குடுத்துட்டாருங்க. நாளைக்கு வண்டி. 'போயிப் பாரு, சரியில்லீன்னா கையோட கூட்டியா, படிச்சது போதும்'னுட்டாரு." மல்லிகா தமிழரசியை நிமிர்ந்து பார்த்தாள். "அவ எங்கதானுங்க போறா?"

"தெரியாது. நான் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு ரூல் போட்டுட்டாங்க" என்றாள் தமிழரசி. பிறகு, அது பதிலில்லை என்று அவளுக்கே பட்டதுபோல, எழுந்து புடவையை மாற்றிக்கொண்டாள். "வாங்க, போலாம்."

பல்கலைக்கழக வாசலில் காவலாளி தமிழரசிக்குச் சலாம் வைத்தான். மல்லிகாவை நிறுத்தினான். மாணவி போனில் அனுமதி கொடுத்தால்தான் உள்ளே விடலாம். தமிழரசி கூப்பிட்டபோது காவ்யாவின் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் தன் திரையைப் பார்த்து, அவள் நேற்று சாயங்காலத்திலிருந்து வெளியே போகவில்லை என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான். அதைச் சொல்லவும் கூடாது. ஆனால் காதில் விழுந்துவிட்டதைத் தமிழரசி மல்லிகாவுக்குச் சொன்னாள்.

"உள்ளதான் இருக்காளா?" என்றாள் மல்லிகா. "அப்ப போயித் தட்டுங்களேன், நீங்க இங்கத்த ஆளுதானே!"

"ரூமுக்கு நாங்க போகக் கூடாது. அவங்க கூப்ட்டாதான்."

"இதென்னங்க நாயம்? பெத்தவ வாசல்ல, புள்ள உள்ள. நடுவுல போனு சம்மதிக்கோணுமா!"

வாளியும் துடைப்பமுமாக அந்தப் பக்கம் வந்த ஷிண்டே மௌஷி இருவர் முகத்தையும் பார்த்தாள். தமிழரசி இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். மௌஷி இடுப்பில் கைவைத்து யோசித்தாள்.

"ரூமுக்குள்ள போகத்தானே கூடாது? தாழ்வாரம் கூட்டறது என் வேலை. ஞாயித்துக்கிழமை கூட்டக் கூடாதுன்னு உன் மேனேஜர் பொண்ணு இன்னும் ரூல் போடலையே" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். சற்று நேரத்தில் இரண்டாவது மாடியிலிருந்து இரும்பு வாளி விழுந்து உருளும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. எடுத்து மறுபடி போட்டாள் போல. மூன்றாவது முறைக்கு ஏதோ ஒரு பெண் குரல் கத்தியது. பின், தமிழரசியின் போன் அடித்தது.

"ஆன்ட்டி? கூப்ட்டீங்களா? தூங்கிட்டேன்..."

"அம்மா வந்துருக்காங்க. கேட்ல."

காவ்யா கசங்கிய சட்டையும் அவிழ்ந்த கூந்தலுமாக ஓடி வந்தாள். கன்னத்தில் தலையணையின் கோடு. மல்லிகா அவளை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எதையாவது கண்டுபிடித்துவிடலாம் என்பதுபோல.

"எங்கடி போற ஞாயித்துக்கெளம?"

"எங்கயும் இல்லம்மா."

"பொய் சொல்லாத."

"சத்தியமா எங்கயும் இல்ல. தூங்குவேன். வாரம் பூரா கிளாஸ், லைப்ரரி. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான்மா. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தூங்குவேன்."

"தூங்கறதுக்கு எதுக்குடி பொய்யி?"

காவ்யா வாசலிலிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். தமிழரசியைப் பார்க்கவில்லை.

"ஆன்ட்டி வீட்டுக்குப் போகலன்னா அப்பா கூப்ட்டுக்குவாருல்ல. அதான்." பெஞ்சின் ஓரத்தைச் சுரண்டினாள். "போக முடியலம்மா. அங்கிள் இருந்தப்ப நல்லா இருந்துச்சு. இப்ப அங்க சாப்பாடு எறங்காது. ஆன்ட்டி ஒரு வார்த்த பேசமாட்டாங்க. தட்டுல போட்டுட்டு, நான் மெல்றதையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. நாங்க எல்லாருமே... ரூல் எடுத்ததும் நின்னுட்டோம். சாரி ஆன்ட்டி."

"பரவால்ல" என்றாள் தமிழரசி.

மல்லிகா அவள் பக்கம் திரும்பினாள். "இவ சின்னப்புள்ள. தூங்கோணும், பொய் சொன்னா. நீங்க எதுக்குங்க சொன்னீங்க? உங்களுக்கு என்னங்க வந்துது?"

"தெரியல."

"தெரியலீன்னா?"

தமிழரசி யோசித்தாள். சாலையில் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அது போன பிறகு சொன்னாள்.

"வர்லன்னு சொல்லிட்டா நீங்க அப்பறம் போன் பண்ண மாட்டீங்கல்ல."

மல்லிகாவின் போன் அடித்தது. ராசிபுரத்திலிருந்து கணவர். பெண்ணைப் பார்த்தாயிற்றா என்று கேட்கத்தான். மல்லிகா பார்த்தேன் என்றாள். அவர் அதோடு விடவில்லை. "அந்தம்மாகிட்டக் குடு" என்பது வெளியே கேட்டது. மல்லிகா போனை நீட்டினாள். நீட்டிய கை, என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டது. காவ்யாவும் எழுந்து நின்றுவிட்டாள். இன்னொரு முறை 'வருகிறாள், சாப்பிடுகிறாள்' என்று சொன்னால் போதும். இத்தனை வாரம் வாய்க்குத் தெரிந்த வாக்கியம்தான்.

"வணக்கமுங்க. பாப்பா உங்க ஊட்டுக்கு ஒளுங்கா வருதுங்களா?"

"வர்றதில்லீங்க" என்றாள் தமிழரசி. "மூணு மாசமா வர்ல. நான் உங்க வீட்ல பொய் சொன்னேன். பொண்ணு எங்கயும் போறதில்ல, ரூம்ல தூங்கறா. இப்பகூட தூங்கிக்கினுதான் இருந்தா. நல்லா படிக்கறா. கார்டியன்னு ஒண்ணு இப்ப கிடையாதுங்க. காலேஜ்ல எடுத்துட்டாங்க."

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கணக்குப் புரியவில்லை.

"அப்ப நீங்க யாருங்க?"

"ஆபீஸ்ல வேல பாக்கறேன்" என்றாள் தமிழரசி. போனை மல்லிகாவிடம் கொடுத்தாள்.

மல்லிகா போனைக் காதில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனாள். அவர் பேசப் பேச, 'செரி', 'செரிங்க' என்று கேட்டாள். காவ்யா நகத்தைக் கடித்தாள். பெண்ணின் படிப்பு அந்தச் 'செரி'களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு மல்லிகாவின் குரல் உயர்ந்தது.

"கூட்டியாந்து? கூட்டியாந்து என்ன பண்றது? ஊட்லயும் தூங்கத்தானே போறா! அந்தம்மா மூஞ்சிக்கு நேரா உள்ளதச் சொல்லிட்டாங்க. இனி எங்கிட்ட ஆரு பொய் சொன்னாலும் எனக்குத் தெரியும். டிக்கெட்டு ரெண்டும் எங்கிட்டதான் இருக்குது. ஒண்ணக் கேன்சல் பண்ணிப்புட்டு வரேன். நீங்க ஊட்ல இருங்க."

அவர் மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் வந்தாள்.

"பரிச்ச எப்போ?"

"நவம்பர்ல."

"எளுதிப்போட்டு வா. அப்பா கொஞ்ச நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு, பொறுத்துக்கோணும். வாராவாரம் நானே உனக்குப் போன் போடறேன். தூங்கறதுன்னா, தூங்கறேன்னு சொல்லிப்போட்டுத் தூங்கு."

காவ்யா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தமிழரசி இன்று பேட்ஜ் குத்தாத தன் மார்பை, ஏதோ மறந்துவிட்டதுபோல, ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி இந்தப் பெண்ணைப் பற்றி அவளை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அது எப்படி இருக்கிறது என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஆனால் அன்று தங்குவதற்கு மல்லிகாவுக்குப் பூனாவில் வேறு இடம் கிடையாது. வெளியாட்கள் விடுதியில் தங்க முடியாது. வண்டி மறுநாள்தான். ஒயர்கூடை காசர்வாடி வீட்டில் இருந்தது. இருவரும் பேசாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் இடம் கிடைத்தது. தமிழரசி ஜன்னலோரம், மல்லிகா ஓரத்தில். நடுவில் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள் மல்லிகா. கோபம் தீரவில்லை என்பது அந்த இடைவெளியில் தெரிந்தது. தீர வேண்டுமென்று தமிழரசியும் கேட்கவில்லை. சாங்க்வியில் கூட்டம் ஏறியது. காய்கறிப் பையோடு ஒரு கிழவி வந்து நிற்க, அவளுக்கு இடம் விட மல்லிகா நகர்ந்தாள். தோள் இடித்துக்கொண்டது.

"ஊட்ல மாலை போட்டிருந்துது" என்றாள் மல்லிகா, எதிரே பார்த்துக்கொண்டு. "இத்தன மாசமா நானே பேசிக்கிட்டு இருந்தேன். கேக்கவே இல்ல. என்னவாச்சுங்க அவருக்கு?"

"டெங்கு" என்றாள் தமிழரசி. இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். அதோடு அவர்கள் 'ஐயோ' என்பார்கள். பேச்சு முடிந்துவிடும்.

மல்லிகா ஐயோ சொல்லவில்லை.

"அப்பறம்?" என்றாள்.

தமிழரசி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்ன நடந்தது என்று அவள் யோசிக்க வேண்டியிருந்தது.

"மொதல்ல ஜொரம்னு பட்டறையிலேர்ந்து சீக்கிரமா வந்தாரு" என்று தொடங்கினாள். "எனக்கு அன்னிக்கி டூட்டி. கதவு பூட்டியிருந்துது. சாவி எங்கிட்ட. வெளில படியிலயே ஒக்காந்துக்கினு இருந்துருக்காரு..." குரல் எங்கோ வழுக்கியது. இருமினாள். மறுபடி இருமினாள். கண்டக்டர் சில்லறை கேட்டு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு மல்லிகா தன் சுருக்குப்பையைத் திறந்து, இரண்டு விரலைக் காட்டி, 'காசர்வாடி' என்றாள்.